லெங்கா குடித்த மிச்சம்

ஈஸ்டர் முடிந்த இரண்டாவது வாரம். விகான் நகரத்துப் பேராலயத்துக்கு எதிரே நிற்கும் பதினொரு வண்டிக் குதிரைகளில் ஐந்துக்குத் தாடையின் அடியில் கட்டி விழுந்திருந்தது. மூக்கு ஒழுகியது. தவிட்டைக் காட்டினால் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. எச்சிலை விழுங்கக்கூட, தொண்டையில் முள் நிற்பதுபோல் கழுத்தை நீட்டி நீட்டிப் பாடுபட்டன.

நீனாவின் குதிரை லெங்காவுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அந்த ஊர் மொழியில் லெங்கா என்றால் எள்; எள்ளின் நிறம் என்பதால் அந்தப் பேர். நோய்ப்பட்ட குதிரைகளுக்கு நடுவிலேயே நின்றது, அவற்றோடு தலை உரசியது, தவிட்டுக் கூடையைக் கடைசித் தூள்வரை நக்கியது. போன மழைக்காலத்தில்தான் நீனாவும் அவள் கணவன் மெலேசியோவும் அதை ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வாங்கி வந்திருந்தார்கள். எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட வண்டியிழுக்கச் சுணங்கியதில்லை.

வண்டி நிறுத்தத்துக்காரர்கள் இதற்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். நீனாவின் நேர்ச்சைக்குக் கிடைத்த பலன்தான் லெங்காவின் நல்ல உடம்பு.

ஏழு வருஷத்துக்கு முன் மெலேசியோ காய்ச்சலில் கிடந்து பேச்சு நின்றபோது, கல்லறைத் தோட்டத்துச் சின்னக் கோயிலில் சிலுவைநாதருக்கு முன் நீனா ஒரு வார்த்தை கொடுத்தாள். சாம்பல் புதன் தொடங்கி முதல் மழை விழும்வரை, நிறுத்தத்தில் நிற்கும் எல்லாக் குதிரைகளுக்கும் தினமும் ஒரு பீப்பாய் கரும்புப்பாகுத் தண்ணீர். மெலேசியோ பிழைத்தான். ஏழு கோடையாக அந்த வார்த்தை தவறவில்லை. பாகை வெந்நீரில் கரைத்து, சிட்டிகை உப்புப் போட்டு, மர அகப்பையால் கலக்கி, ஆறவைத்து, காலை பத்து மணிக்குள் அக்கேசியா மரத்தடிக்குக் கொண்டுவந்துவிடுவாள். வெயிலில் கருங்கல் தெருவில் ஓடிக் களைத்து வரும் குதிரைகள் அந்தப் பீப்பாயைத் தூரத்திலேயே மோப்பம் பிடித்துக் காதை முன்னால் நிமிர்த்தும். அதைப் பார்க்கும்போது நீனாவுக்கு உள்ளே ஏதோ நிறையும். ஜெபத்தில்கூட அவளுக்கு அப்படி நிறைந்ததில்லை.

“மனாங், உங்க மகாராணி குடிச்சாச்சா?” என்று கிளேத்தோ தன் வண்டியிலிருந்து கத்தினான். நீனாவைவிட ஏழெட்டு வயது இளையவன், வாய் ஓயாதவன். மூத்தவளை மனாங், மூத்தவனை மனோங் என்பது அந்த ஊர் வழக்கம்.

“குடிக்கிறா. உனக்கு என்னடா அவசரம்? நீயா குடிக்கப்போற?”

“நான் குடிக்கிற தண்ணி வேற மனாங். அதுக்கு இன்னும் பொழுது சாயணும்.”

“உன் பொண்டாட்டி காதுல விழட்டும், பொழுது இப்பவே சாஞ்சிடும்.”

வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். கிளேத்தோ தன் வாளியோடு வந்தான். அவன் குதிரை பஸ்தோராவுக்கும் முந்தின நாள் கட்டி தெரிந்திருந்தது. அவன் முகத்தில் சிரிப்பு இருந்தாலும் கண்ணில் இல்லை.

“லெங்கா குடிச்ச மிச்சத்தை இதுல ஊத்துங்க மனாங். அவ வாய் வச்ச தண்ணின்னா பஸ்தோராவுக்கும் ஒரு தெம்பு வரும்.”

அந்த வாரம் அது வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. முதலில் லெங்கா பீப்பாயில் வாய் வைக்கும். அது குடித்தபின் மற்றவற்றுக்கு. நல்ல உடம்பின் மிச்சம் நோயை விரட்டும் என்று யாரோ சொல்ல, எல்லாரும் நம்பினார்கள். நீனாவும் நம்பினாள். பஸ்தோராவின் வாளியைத் தளும்பத் தளும்ப நிரப்பிக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை நண்பகலில் கிளேத்தோ வண்டி பூட்டாமல் பஸ்தோராவை நடத்திக்கொண்டு வந்தான். குதிரை வருவதற்கு முன் சத்தம் வந்தது. ஈர மரத்தில் மழுங்கிய ரம்பத்தை இழுப்பதுபோல ஒரு சத்தம். மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம். மூக்குத்துளைகள் சிவந்து விரிந்திருந்தன. கழுத்து நனைந்து, வேர்வை சொட்டியது.

“ரெண்டு நாளா எதையும் தொடல. உங்க தண்ணியை மட்டுமாவது குடிப்பான்னு கூட்டிட்டு வந்தேன்,” என்றான் கிளேத்தோ. அவன் குரல் அவனுடையதாகவே இல்லை.

நீனா வாளியை நீட்டினாள். பஸ்தோரா உதட்டை நனைத்தது. முன்னங்கால் இரண்டும் மடிந்தன. கல்தரையில் மண்டியிட்டபடி அது கழுத்தை வானத்துக்கு நீட்டியது. வாய் திறந்தது. ரம்பச் சத்தம் மெலிந்து மெலிந்து, சீட்டியாகிப்போனது.

மெலேசியோ ஓடினான். மாகாண அலுவலகத்துக் கால்நடை டாக்டர் பெர்லிதா அன்று நல்லவேளையாக இரண்டு தெரு தள்ளி ஒரு பன்றிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிளை மரத்தடியில் அப்படியே சாய்த்துவிட்டு வந்தார். காதை வைத்துக் கேட்கக்கூட இல்லை. பையிலிருந்து சவரக் கத்தியை எடுத்தார்.

“தலையை நேரா நீட்டிப் பிடி கிளேத்தோ. விட்டா செத்துடுவா. விடாதே.”

கழுத்தின் அடியில் கை அகலத்துக்கு முடியை வழித்தார். மரத்துப்போக ஊசி. நெடுக்குவாட்டில் ஒரு வெட்டு. விரலை விட்டுத் தசையை விலக்கினார். மூச்சுக்குழாயின் வளையங்களுக்கு நடுவே கத்திமுனை இறங்கியது. புஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் நிறுத்தம் முழுக்கக் கேட்டது. வளைந்த உலோகக் குழாய் ஒன்றை அந்தத் துளையில் செருகிக் கட்டினார். பஸ்தோராவின் விலா ஏறி இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது. மூக்கில் சத்தமே இல்லை. கழுத்தால் மூச்சு விட்டது.

கிளேத்தோ அதன் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். யாரும் அவனைக் கேலி செய்யவில்லை.

“தொண்டைக்குள்ள கட்டி பழுத்துக் காத்து போற வழியை அடைச்சிருக்கு,” என்றார் டாக்டர், கையைக் கழுவிக்கொண்டே. “கட்டி உடைஞ்சு வடியிற வரைக்கும் இந்தக் குழாய் இருக்கணும். தினம் மூணு தடவை கழட்டிக் கழுவணும். அதுவரை அவளால கனைக்க முடியாது, சத்தம் வராது. பயப்படாதே.” பிறகு மற்ற குதிரைகளைப் பார்த்தார். “இவங்க எல்லாரும் எங்க தண்ணி குடிக்கிறாங்க?”

எல்லாரும் பெருமையோடு பீப்பாயைக் காட்டினார்கள். “மனாங் நீனாவோட நேர்ச்சைத் தண்ணி டாக்டர். முதல்ல லெங்கா குடிப்பா. அப்புறம்தான் மத்ததுங்க.”

டாக்டர் லெங்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பீப்பாயைப் பார்த்தார். “இன்னையிலேர்ந்து இந்தப் பீப்பாய் வேண்டாம். அவங்கவங்க வாளி, அவங்கவங்க தண்ணி,” என்று மட்டும் சொன்னார்.

பொழுது சாய்வதற்குள் அவர் நீனாவின் வீட்டு முற்றத்துக்கு வந்தார். லெங்காவின் தாடைக்கு அடியில் விரலால் தடவினார். முடிக்குள் மறைந்து, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பழைய தழும்பு.

“வாங்கும்போதே இருந்துச்சு. கயிறு அறுத்ததுன்னு சொன்னாங்க,” என்றான் மெலேசியோ.

டாக்டர் ஒரு கைப்பிடித் தவிட்டைத் தரையில் போட்டார். லெங்கா தலையைத் தாழ்த்தி நக்கியது. சற்று நேரத்தில் இடது மூக்கிலிருந்து வெள்ளையாக ஒரு சொட்டு இறங்கித் தவிட்டில் விழுந்தது.

“அது பாகு டாக்டர். பாகுல தவிடு ஒட்டிக்கிட்டு வெளுப்பாத் தெரியும். நான் தினம் காலைல துடைச்சு...” நீனா பாதியில் நிறுத்தினாள்.

“குதிரைக்குக் காதுக்கும் தொண்டைக்கும் நடுவுல, ரெண்டு பக்கமும் ஒரு காத்துப் பை இருக்கு மனாங். இந்த நோய் இவளுக்கு எப்பவோ வந்து ஆறியிருக்கு. ஆனா பைக்குள்ள சீழ் தங்கிட்டா வருஷக்கணக்குல தங்கும். குதிரைக்கு ஒண்ணும் தெரியாது. தின்னும், ஓடும், மினுமினுன்னு இருக்கும். தலையைத் தாழ்த்தும்போது சொட்டும். அது தண்ணியில விழுந்தா, குடிக்கிறவங்களுக்கு நோய். நிச்சயமாச் சொல்ல உள்ள கேமராக் குழாய் விட்டுப் பாக்கணும். மணிலாப் பக்கம் பந்தயக் குதிரை பாக்கிற என் கூட்டாளி வெள்ளிக்கிழமை கொண்டுவருவான்.”

நீனா லெங்காவின் பிடரியைப் பிடித்துக்கொண்டாள். “பஸ்தோராவுக்கு வந்தது என் பீப்பாயிலேர்ந்தா?”

“அப்படித்தான் நினைக்கிறேன். நீங்க வேணும்னு பண்ணல.”

“வேணும்னுதான் பண்ணேன் டாக்டர். ஒவ்வொரு நாளும் வேணும்னுதான் குடுத்தேன்.”

டாக்டர் பையை மூடினார். அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அன்று சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் ஆறிக் கிடந்தன. மெலேசியோ மீன்சாந்தைத் தட்டில் விரலால் கோடு இழுத்துக்கொண்டே பேசினான்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதே நீனா. டாக்டரே நிச்சயமில்லைன்னுதானே சொல்றாங்க?”

“அவங்களுக்கு நிச்சயம். நமக்காகச் சொல்லல.”

“தெரிஞ்சா என்ன ஆகும் தெரியுமா? லெங்காவை நிறுத்தத்துக்குள்ள விடமாட்டாங்க. ‘வித்துடு’ம்பாங்க. நோய்க்குதிரையை எந்த வண்டிக்காரன் வாங்குவான்? மலைமேலேர்ந்து வர்ற கறிக்காரன்தான் வாங்குவான். அவளை அவன் லாரியில ஏத்திவிட உன்னால முடியுமா?”

முடியாது. முற்றத்தில் லெங்கா வைக்கோலை மெல்லும் சத்தம் கேட்டது. எட்டு மாதமாக அந்தச் சத்தம் கேட்டால்தான் நீனாவுக்குச் சோறு இறங்கும்.

“பீப்பாயைத்தான் நிறுத்தியாச்சே. இனி யாருக்குக் கெடுதல்? மூணு நாள்தானே,” என்றான் மெலேசியோ. நீனா ஆறிய குழம்பை மூடி வைத்தாள். அவன் சொன்னதில் ஓட்டை எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. தெரியக்கூடாது என்றும் விரும்பினாள்.

மறுநாள் காலையில் வாசல் படலை யாரோ தட்டினார்கள். கிழவர் இஸ்கோ. நிறுத்தத்திலேயே மூத்த வண்டிக்காரர். அவருடைய குதிரைக்கு இன்னும் கட்டி வரவில்லை. கையில் கழுவித் துடைத்த பிளாஸ்டிக் புட்டி ஒன்று வைத்திருந்தார்.

“நீனா, லெங்கா குடிச்ச மிச்சம் கொஞ்சம் இதுல ஊத்திக் குடும்மா. டாக்டர் பீப்பாயைத்தானே வேண்டாம்னாங்க? இதை ஒண்ணும் சொல்லலையே. எனக்கு இருக்கிறது அது ஒண்ணுதான். வர்றதுக்கு முன்னாடியே குடுத்து வச்சா நல்லதுன்னு என் வீட்டுக்காரி சொல்றா.”

மெலேசியோ மண்வெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தான். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் இல்லை, தீர்ந்துவிட்டது என்று ஒரு சொல் போதும். ஆனால் இஸ்கோ நாளைக்கு மறுபடி வருவார். இல்லாவிட்டால் வேறொருவர் அவர்கள் இல்லாத நேரத்தில் வந்து, முற்றத்துத் தொட்டியில் தானே மொண்டுகொள்வார். நம்பிக்கை வைத்தவர்களுக்கு வழி தெரியும்.

“மனோங் இஸ்கோ,” என்றாள் நீனா. “அந்தப் புட்டி வேண்டாம். நோயே இவகிட்டேர்ந்துதான். என் பீப்பாயிலேர்ந்துதான் எல்லாருக்கும் போயிருக்கு. நேத்துச் சாயங்காலம்தான் எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு உங்க குதிரைகிட்ட போங்க.”

கிழவர் புட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். படலைச் சாத்தக்கூட இல்லை.

நீனா தலையில் துணியைப் போட்டுக்கொண்டு கிளேத்தோவின் வீட்டுக்கு நடந்தாள். ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போய் அவளுக்குப் பழக்கமில்லை. ஒரு முட்டையாவது, நாலு வாழைப்பழமாவது இருக்கும். அன்று தன் கையால் எதையும் எடுத்துப் போக அவளுக்குத் துணிவு வரவில்லை.

கிளேத்தோ பின்கட்டில் குழாயைக் கழற்றிக் கொதித்த தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தான். பஸ்தோரா கழுத்துத் துளையால் மூச்சு விட்டபடி நின்றது. நீனாவைக் கண்டதும் வாயைத் திறந்தது. காற்று மட்டும் வந்தது.

“வாங்க மனாங். உங்களைக் கூப்பிடுறா பாருங்க. கனைக்கிறதா நினைச்சு வாயைத் திறக்கிறா, பாவம். எங்க தண்ணின்னு கேக்கிறா.”

நீனா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தழும்பு, வெள்ளைச் சொட்டு, தினம் துடைத்த துணி. எதையும் குறைத்துச் சொல்லவில்லை. கிளேத்தோ குழாயை அலசுவதை நிறுத்தவில்லை. அலசிய குழாயையே மறுபடி மறுபடி அலசினான். கடைசியில் அவளைப் பார்க்காமலே சொன்னான்:

“வீட்டுக்குப் போங்க மனாங்.”

வியாழக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் வண்டிக்காரர்கள் மரத்தடியில் கூடினார்கள். மெலேசியோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று கேட்டான். இஸ்கோதான் பேசினார். கோபமாகப் பேசவில்லை. “நீனா சொல்லலைன்னா என் குதிரையும் போயிருக்கும். அதை மறக்கல. ஆனா லெங்கா இங்க வரக்கூடாது. சுத்தமாயிட்டான்னு டாக்டர் எழுதிக் குடுத்தா பாக்கலாம். அடுத்த மாசக் கடைசிக்குள்ள குடுக்கலைன்னா அவ உங்க வீட்டுலயும் இருக்கக்கூடாது. ஒரே தெருவுலதானே எல்லாக் குதிரையும் நடக்குது?”

அது நியாயம்தான் என்று மெலேசியோ வீட்டில் வந்து சொன்னான். மறுநாள் முதல் ஜாடி சுடும் சூளையில் மண் மிதிக்கும் கூலி வேலைக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை கேமராக் குழாய் வந்தது. லெங்காவுக்கு மயக்க ஊசி போட்டதும் தலை தானாகத் தொங்கியது. இடது மூக்கு வழியாகக் குழாய் போனது. சின்னத் திரையில் இளஞ்சிவப்பாய் ஒரு குகை தெரிந்தது. அதன் தரையில், கூழாங்கல் பரப்பியதுபோல் வெளிர்மஞ்சள் உருண்டைகள். சீழ் காய்ந்து, ஒன்றோடொன்று உருண்டு உருண்டு வழவழப்பாகியிருந்தன. டாக்டர் பெர்லிதாவின் கூட்டாளி கம்பி வலை ஒன்றைக் குழாய்க்குள் விட்டு ஒவ்வொன்றாகப் பிடித்து வெளியே இழுத்தார். மதியம் வரை அந்த வேலைதான். எனாமல் தட்டில் அவை மொச்சைக்கொட்டை மாதிரி குவிந்தன. நாற்றம் முற்றத்தைத் தாண்டிப் போனது.

“இதையெல்லாம் வச்சுக்கிட்டா இவ்வளவு நாள் வண்டி இழுத்தே?” என்று நீனா அதன் கன்னத்தைத் தடவினாள்.

“பெரிசெல்லாம் வந்தாச்சு. தூளும் சளியும் பாக்கி,” என்றார் டாக்டர். மூக்கிலிருந்து பைவரை மெல்லிய ரப்பர்க் குழாயைச் செருகி, வெளிமுனையில் ஒரு சின்னப் புனலைப் பொருத்தித் தலைக்கயிற்றில் வைத்துத் தைத்தார். “பத்து நாள், தினமும் காலைல உப்புத்தண்ணி விட்டு அலசுங்க. ஊத்தும்போது தலை தரையோரமா தாழ்ந்திருக்கணும். தூக்கிட்டா அழுக்குத் தண்ணி நுரையீரலுக்குப் போயிடும். அது பெரிய ஆபத்து. அப்புறம் மூணு வாரம், வாரத்துக்கு ஒரு சோதனை. மூணும் சுத்தம்னு வந்தாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். இன்னொண்ணு. நோய் வராத குதிரை வச்சிருக்கிற யாரும் இந்த முற்றத்துல கால் வைக்கக்கூடாது. உதவிக்குன்னு வந்தாலும் வேண்டாம்.”

முதல் நாள் டாக்டரே இருந்து அலசிக்கொடுத்தார். இரண்டாம் நாள் நீனா தனியாக நின்றாள். மெலேசியோ விடியும் முன்பே சூளைக்குப் போயிருந்தான். ஒரு கையால் தலைக்கயிற்றைக் கீழே இழுத்தாள். மறு கையால் உப்புத்தண்ணீர்ச் செம்பைத் தூக்கினாள். தண்ணீர் உள்ளே இறங்கிய குறுகுறுப்பில் லெங்கா தலையை ஒரே வீச்சில் மேலே தூக்கியது. நீனாவின் கால் தரையை விட்டு எழும்பியது. செம்பு உருண்டது. லெங்கா இருமியது; இருமி இருமி மூக்கிலிருந்து நுரையாகத் தெறித்தது. நீனா ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். படலுக்கு வெளியே இரண்டு வண்டிக்காரர்கள் நின்று பார்த்தார்கள். நல்லவர்கள்தான், அவர்கள் முகத்தில் இரக்கம் இருந்தது. ஆனால் அவர்கள் வீட்டில் நோய் வராத குதிரைகள் இருந்தன. உள்ளே வர முடியாது. அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தார்கள்.

“ஆண்டவரே, எனக்கு ரெண்டு கைதானே குடுத்தீர்,” என்றாள் நீனா, கோபமில்லாமல்.

படல் திறந்தது. கிளேத்தோ உள்ளே வந்தான். சட்டையைக் கழற்றி வேலியில் போட்டான்.

“இங்க வரக்கூடாதுடா. டாக்டர் சொல்லியிருக்காங்க,” என்றாள் நீனா பதறி.

“நோய் வராத குதிரைக்காரன்தானே வரக்கூடாது? எனக்கு வந்தாச்சே. இந்த ஊர்ல இந்த முற்றத்துக்குப் பயமில்லாம வரக்கூடியவங்க அஞ்சு பேர். நாலு பேர் கோபமா இருக்காங்க.”

“நீ?”

“நானும்தான்.” அவன் லெங்காவின் தலைக்கயிற்றைப் பிடித்தான். “மூணு நாள் பேசாம இருந்து பாத்தேன் மனாங். எனக்குத்தான் நோய்னு என் பொண்டாட்டி டாக்டரைக் கூட்டிட்டு வரக் கிளம்பிட்டா. பஸ்தோராவோட கட்டி நேத்து ராத்திரி உடைஞ்சுது. வாளி நிறைய வடிஞ்சுது. துளையை விரலால மூடினா மூக்குல மூச்சு வருது. காலைல தவிடு தின்னா.”

நீனா சிலுவை போட்டுக்கொண்டாள். கண்ணைத் துடைத்தாள்.

“அழுறதுன்னா அப்புறம் அழுங்க. செம்பு எங்க?”

அவன் லெங்காவின் முன்னால் ஈர மண்ணில் முழங்காலிட்டான். அதன் தாடையைத் தன் தோளில் வாங்கி, கழுத்தைக் கையால் அணைத்து, மெல்ல மெல்லத் தானும் குனிந்து தலையைக் கீழே கொண்டுவந்தான். குதிரையின் கனம் முழுவதும் அவன்மேல் இறங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. லெங்கா ஒரு முறை திமிறியது. அவன் அதன் காதுக்குள் ஏதோ சொன்னான்; பஸ்தோராவுக்குச் சொல்லிப் பழகிய சொற்களாக இருக்கும். திமிறல் நின்றது.

நீனா செம்பைக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பினாள். குழாய்முனைப் புனலுக்கு மேலே உயர்த்தி ஊற்றினாள். தண்ணீர் இறங்கியது. லெங்காவின் மூக்கிலிருந்து சாம்பல் நிறத்தில், பிசிறு பிசிறாய் அழுக்கு, கிளேத்தோவின் வெற்று முதுகில் வழிந்து இடுப்புக்கு இறங்கியது.

“ஐயோ, உன்மேல எல்லாம் ஊத்துதுடா தம்பி. நிறுத்தட்டுமா?”

“எவ்வளவு ஊத்தணும்னு சொன்னாங்க?”

“ஆறு செம்பு.”

“இது எத்தனாவது?”

“முதல் செம்பு.”

“அப்ப என்ன பேச்சு,” என்றான் கிளேத்தோ, தோளைச் சற்று மாற்றி வைத்துக்கொண்டு. “ஊத்துங்க மனாங்.”